நான் சோதித்து அனுப்பிய பேஸ் கிட்டார்

என் முதல் பேஸ் கிட்டாரை சாதாரண கிட்டார் என்று நினைத்துத்தான் வாங்கினேன். ஸ்ரீபெரும்புதூரில் காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர், மின்விசிறி, பக்கெட், இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றோடு அதையும் விற்பனைக்குப் போட்டிருந்தார். போனில் படம் பார்த்துவிட்டு நேரில் போனேன். உறையைப் பிரித்துப் பார்த்தால் நான்கு கம்பிகள்தான் இருந்தன. கிட்டாருக்கு ஆறு கம்பி என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பத்து வருடமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருப்பவனிடமா இந்த வேலை? "ரெண்டு கம்பி கம்மியா இருக்கே. கம்பி கட்டுற திருகும் ரெண்டு இல்ல" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் விலையைக் குறைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் இறங்கி வந்தார் என்று நினைத்து, அன்று முழுக்க என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்ததும் என் அறைத்தோழன் அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டான். "அண்ணே, இது பேஸு. இதுக்கு நாலு கம்பிதான்."

அவன் தூத்துக்குடிப் பக்கம். அதே தொழிற்சாலையில் இரண்டு வருடக் காண்ட்ராக்டில் லைனில் நின்றான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஊரில் ஒரு கச்சேரிக் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவன், தங்கை கல்யாணச் செலவில் தன் பேஸையும் விற்றுவிட்டு இங்கே வந்திருந்தான். இந்த விவரமெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு மாதம் ஒரே அறையில் இருந்தும் அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பேஸைக் கையில் வாங்கிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். விரல்கள் ஓட ஆரம்பித்ததும் எனக்கு முதுகு தெரியாத அளவுக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு, ரொம்ப நாளாச்சுண்ணே என்றான்.

திருத்திக்கொள்கிறேன். எனக்குத் தெரியாமல் போனது முதுகு அல்ல, முகம். அவன் அழுதானா என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் இருந்தது சேரப்பணஞ்சேரியில். வீட்டுக்கார அம்மாவின் குடும்பத்துக்கு அங்கே முன்பு நெல் வயல் இருந்தது. இப்போது அதே மண்ணில் இரண்டு மாடியில் பன்னிரண்டு அறைகள் விளைந்திருக்கின்றன. நெல்லைவிட இதற்குத் தண்ணீர் கம்மி என்பார் அந்த அம்மா. எந்த நேரத்தில் பார்த்தாலும் கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். காலையில் ஏ ஷிப்ட் போனால் ராத்திரி வேலை பார்த்த சி ஷிப்ட் வந்து படுக்கும். அதனால் அங்கே தூக்கத்துக்குக் கோயில் மரியாதை. குக்கர் விசில் காலை ஏழிலிருந்து எட்டுக்குள் அடித்துவிட வேண்டும். போனில் பேச மொட்டைமாடிக்குப் போக வேண்டும். செருப்பைக்கூடப் படியில் தேய்க்கக் கூடாது.

பேஸைப் பார்த்ததும் அந்த அம்மா வாசலிலேயே மறித்தார்.

"இன்னாபா இது, கிட்டாரா? மேல சி ஷிப்ட் புள்ளைங்க தூங்கினு கீதுங்க. ஒரு சத்தம் வந்துச்சு, அன்னிக்கே ரூம காலி பண்ணிடணும், சொல்லிட்டேன்."

"இது கரண்ட்ல வாசிக்கிறதும்மா. வயர் சொருகலைன்னா சத்தமே வராது."

"அப்பறம் எதுக்கு வாங்கினு வந்த?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் சொன்னது உண்மை. வயரைச் சொருகாத பேஸ் ஒரு கொசுவின் அளவுக்குத்தான் பேசும். வாசிப்பவனுக்கும் பக்கத்தில் காதை வைப்பவனுக்கும் கேட்கும், மூன்றாவது ஆளுக்குக் கேட்காது. கொஞ்சம் கூடுதலாகக் கேட்க வேண்டுமென்றால் அதன் முனையை ஸ்டீல் பீரோவில் சாய்த்து வாசிக்க வேண்டும். பீரோ மெல்ல முனகும். அவன் தினமும் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு அரை மணி நேரம் பீரோவோடு உட்கார்ந்துவிடுவான். எனக்கு வாசிக்க வரவில்லை. விரல் தடித்துப்போனதுதான் மிச்சம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒரு படி மேலே போய், அந்தக் கூடத்தை அளந்து எவ்வளவு கோணல் என்று எழுதி வைக்க ஆரம்பித்தேன்.

அளந்தபோது முதல் பேஸின் கழுத்து வளைந்திருந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளில் மூன்று தேய்ந்திருந்தன. உடம்பெல்லாம் கீறல். தரமான ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். இந்த வியாதி அப்படித்தான் தொடங்குகிறது. தேடுகிறவன் நல்ல பேஸைக் கண்டுபிடித்ததும் நின்றுவிடுவான் என்று நினைக்காதீர்கள். நல்லதென்று தெரிவதற்கு ஒப்பிட இன்னொன்று வேண்டுமே.

ஒன்றரை வருடத்தில் நான்கு சேர்ந்தன. இரண்டாவது, சிவப்பு. குன்றத்தூர்ப் பக்கம் ஒருவர் விற்றது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட பெருவெள்ளத்தில் அது வீட்டுக்குள் மிதந்தது என்பதை ஒரு சிறப்பம்சமாகவே அவர் சொன்னார். "முழுவவே இல்ல சார், அவ்ளோ லைட்டு." மூன்றாவது, வெள்ளை. பூந்தமல்லி அருகே ஒரு சர்ச்சில் புதிய வாத்தியம் வாங்கிவிட்டுப் பழையதைத் தள்ளினார்கள். நான்காவது, கறுப்பு. படப்பையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், வெளிநாடு போய்விட்ட மகனின் அறையிலிருந்து அப்பா எடுத்துக் கொடுத்தது. கண்ணாடியாகப் பளபளக்கும். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

நான் பேஸ் வாங்கப் போகும் விதமே தனி. பையில் வெர்னியர், ஃபில்லர் கேஜ், டார்ச் மூன்றும் இருக்கும். கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே கேஜின் மெல்லிய தகட்டை விட்டு இடைவெளி பார்ப்பேன். விற்பவர்கள், பெண் பார்க்க வந்தவன் பெண்ணின் பல்லை எண்ணுவதைப் போலப் பார்ப்பார்கள். எடையை மட்டும் எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில்தான் போட வேண்டும். "சார், இது கிலோ எவ்ளோன்னு போடட்டும்?" என்று கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவரே சிரித்துக்கொள்வார்.

படப்பைக்காரர் மட்டும், "ஸ்பீக்கர் இருக்குது, போட்டுக் கேளுங்களேன்" என்று வற்புறுத்தினார். நான் பெருந்தன்மையாக மறுத்துவிட்டேன். என் பத்து வருட சர்வீசில் காதை நம்பி ஒரு பொருளைக்கூட பாஸ் பண்ணியதில்லை. காதுக்குக் காலிபரேஷன் சர்ட்டிபிகேட் கிடையாது.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு செக்‌ஷீட் தயாரித்தேன். இருபத்தாறு பாயிண்ட். கழுத்து நேராக இருக்கிறதா, பெயிண்ட் ஒரே சீராக இருக்கிறதா, திருகுகள் சமமாக இறுகியிருக்கின்றனவா, இப்படி. நூற்றுக்கு மதிப்பெண். கறுப்புக்குத் தொண்ணூற்று நான்கு. பச்சை டேக். சிவப்பும் வெள்ளையும் மஞ்சள் டேக், அதாவது நிறுத்தி வைக்கப்பட்டவை. முதல் பேஸுக்கு முப்பத்தெட்டு. தொழிற்சாலையில் கழிவுப் பெட்டிக்குப் போகும் பாகங்களுக்குக் கட்டுகிற அதே சிவப்பு ரிஜெக்ட் டேக்கை அதன் கழுத்தில் கட்டினேன். அவன் தினமும் பீரோவில் சாய்த்து வாசிப்பது அதைத்தான். டேக்கை ஒதுக்கிவிட்டு வாசிப்பான், முடித்ததும் மறுபடி பார்வையாகத் தொங்கவிடுவான். செக்‌ஷீட்டை அவனிடம் காட்டியபோது முழுவதையும் பொறுமையாகப் படித்தான். "நல்லா போட்டிருக்கீங்கண்ணே" என்றான். இருபத்தேழாவதாக என்ன சேர்க்கலாம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஒன்றுமில்லை என்றான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவன் ஊரிலும் சொல்வார்கள்தானே? அன்றைக்கு அவன் அதைச் சொல்லியிருக்கலாம்.

காண்ட்ராக்ட் முடிய மூன்று வாரம் இருக்கும்போது அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் வாசிக்கும் ஒரு கச்சேரிக் குழுவில் பேஸ் வாசிப்பவர் விலகிவிட்டார். ஆள் தேடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் பக்கம் ஒரு மண்டபத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். சொந்தமாக பேஸ் இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

"இதுல எடுத்துட்டாங்கன்னா திரும்ப லைன்ல நிக்க வேண்டாம்ணே" என்றான். "இல்லன்னா ஓசூர்ல ஒரு கம்பெனிக்குக் கூப்புடுதாங்க. அங்கயும் இதே ரெண்டு வருசந்தான்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "ஒங்க ரிஜெக்ட்ட ஒரு நாளைக்குத் தருவீங்களா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான்கு பேஸ் வைத்திருப்பவனிடம் வந்து ரிஜெக்ட்டைக் கேட்கிறானே! அதைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்தினால் என் மானம் என்ன ஆவது? ரிஜெக்ட் ஆன பொருள் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது எந்தத் தொழிற்சாலையிலும் முதல் பாடம் என்று அவனுக்கு விளக்கினேன். அவனும் அதே தொழிற்சாலைக்காரன்தான். ஆனாலும் விளக்கினேன்.

"கறுப்ப எடுத்துக்கோ."

"அது கையில இன்னும் பழகலண்ணே."

"தொண்ணூத்தி நாலு மார்க்குடா அது. தானா வாசிக்கும்."

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கறுப்பைத் தயார் செய்தேன். இருபத்தாறு பாயிண்ட்டையும் மறுபடி பார்த்தேன். கம்பிகளைத் துடைத்தேன், உடம்புக்கு மெழுகு போட்டேன். செக்‌ஷீட்டின் அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, மடித்து உறையின் ஜிப்புக்குள் வைத்தேன். எனக்கு அவன்மேல் பிரியம் அதிகம். என்னிடம் இருப்பதில் சிறந்ததைத்தான் கொடுத்தேன். அதை இப்போது சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஞாயிறு எனக்கு ஓ.டி. என்பதால் கூடப் போக முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் பேஸை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, உரசிவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் அணைத்தபடி அவன் போனதை கம்பெனி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

சாயங்காலம் நான் வந்தபோது அவன் அறையில் இருந்தான். கறுப்பைத் துடைத்து அதன் இடத்தில் வைத்திருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"நல்லாத்தான் போச்சுண்ணே. அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காராம். அவர எடுத்துக்கிட்டாங்க."

எனக்கு வந்ததே கோபம்! நாட்டில் சிபாரிசு எப்படித் திறமையைக் கொல்கிறது என்று ஒரு மணி நேரம் பேசினேன். அந்தக் குழுத் தலைவரை நேரில் போய்க் கேட்கிறேன் என்று சட்டையை மாட்டினேன். அவன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "விடுங்கண்ணே. பேஸ் சூப்பரா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றான். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பாதி அடங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. செக்‌ஷீட்டை எடுத்துக் குறிப்புப் பகுதியில் எழுதினேன்: வெளியிடத்தில் பயன்படுத்தப்பட்டது, முழுத் திருப்தி.

அடுத்த மாதம் அவன் ஓசூர் போய்விட்டான்.

ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் மூன்று ஷிப்டும் ஒன்றாக விழித்திருக்கும் ஒரே நாள் அதுதான். வீட்டுக்கார அம்மா வாசலில் போர் மோட்டார், பைக்குகள், மண்வெட்டி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"ஒன் கிட்டாருங்களயும் எடுத்தாந்து வைப்பா. அதுவும் கருவிதான? ரெண்டு வருசமா தூக்கினு போற, தூக்கினு வர, ஒரு நாளு சத்தம் கேட்டதில்ல. இன்னிக்கு ஒரு தபா அடிச்சுக் காட்டு."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது எனக்கு. பூஜைப் பாட்டுக்கு வந்திருந்த மைக்செட்காரரின் ஸ்பீக்கர் தயாராக இருந்தது. பன்னிரண்டு அறைக்காரர்களும் பொரிகடலையைக் கொறித்தபடி சுற்றி நின்றார்கள். முதலில் எதை எடுப்பேன்? கறுப்பைத்தான். பிரிக்காத புது வயரைப் பிரித்துச் சொருகி, பெரிய கம்பியை ஒரு இழு இழுத்தேன்.

ஒன்றுமில்லை. மைக்செட்காரர் இன்னும் ஏற்றினார். ஒன்றுமில்லை. வயரை மாற்றினார், அதைச் சொருகும் ஓட்டையை மாற்றினார். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. "இதுக்குத்தான் நான் அன்னிக்கே எதுக்குன்னு கேட்டேன்" என்றார் வீட்டுக்கார அம்மா. மானம் போகிறதே என்று கையில் அகப்பட்ட இன்னொன்றைச் சொருகினேன். அது ரிஜெக்ட்.

பெரிய கம்பி அதிர்ந்ததும் தட்டிலிருந்த பொரி துள்ளியது. ஜன்னல் கம்பிகள் சேர்ந்து முனகின. சத்தம் காலடியிலிருந்து ஏறி நெஞ்சுக்கு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "சூப்பர் பீஸ் சார் இது" என்றார் மைக்செட்காரர். பிறகு கறுப்பைக் கையில் வாங்கித் திருப்பி, முதுகிலிருந்த சின்ன மூடியை நகத்தால் நெம்பித் திறந்து காட்டினார். "இன்னா சார், பேட்டரியே இல்லியே. இந்த மாடலு பேட்டரி இல்லன்னா செத்த பொணம் சார்."

பேட்டரி எங்கே என்று எனக்குத் தெரியும். வாங்கிய அன்றே நான்தான் கழற்றினேன். நெடுநாள் சும்மா வைக்கும் கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசிந்து உள்ளே அரித்துவிடும் என்பது எங்கள் ஸ்டோர் விதி. பத்திரமாக பிளாஸ்டிக் கவரில் போட்டு, என்ன பொருள், எந்தத் தேதி என்று லேபிள் ஒட்டி, பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தேன். இருபத்தாறு பாயிண்ட்டில் பேட்டரி என்று ஒரு வரி இல்லை. ஊரில் அவன் வாசித்ததோ பேட்டரி தேவைப்படாத பழைய வகை. அவனுக்கு அந்த மூடி எதற்கென்றே தெரிந்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மொட்டைமாடிக்கு ஓடிப்போய் அவனுக்கு போன் போட்டேன். அவனுக்கும் லீவுதான். நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

"அன்னைக்கு அங்க சத்தமே வரல, இல்ல?"

"வரலண்ணே. ரெண்டு வயரு மாத்திப் பாத்தாங்க. இருவது நிமிசம் பாத்துட்டு அடுத்த ஆளக் கூப்புட்டுட்டாங்க. நான் அவருகிட்ட அவரு பேஸக் கேட்டேன். தரமாட்டேன்னுட்டாரு. அதுவும் நியாயந்தானண்ணே."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீங்க ஒரு நாள் பூரா ஒக்காந்து செக் பண்ணி, கையெழுத்தும் போட்டுக் குடுத்தீங்க. சொன்னா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்லா."

பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். நான்தான் கழற்றினேன் என்பதையும் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அட, பேட்டரியாண்ணே" என்று மட்டும் சொன்னான். அந்தக் குழுவில் மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவர்கள் ஆள் எடுத்து நான்கு மாதம் ஆகிறது என்றான். ரிஜெக்ட்டை இன்றைக்கே பார்சலில் போடுகிறேன், நீயே வைத்துக்கொள் என்றேன்.

"இங்க ஒரு ரூம்ல எட்டு பேருண்ணே. என் பெட்டியவே கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்." பிறகு கேட்டான். "ரிஜெக்ட்ட ஸ்பீக்கர்ல போட்டீங்களாண்ணே? எப்படிக் கேக்கு?"

இரு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தேன். மைக்செட்காரரிடம் போனைக் கொடுத்து ஸ்பீக்கரின் முன்னால் பிடிக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதையும் அழுத்தாமல் பெரிய கம்பியை ஒரு தடவை இழுத்தேன். அது அடங்க வெகுநேரம் பிடித்தது.

போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"இன்னொரு வாட்டிண்ணே" என்றான்.